சேர்த்துக்கொள்ளுதல்

நம் ஊர்ப் பேச்சுத்தமிழில் 'மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்' என்று யாரும் சொல்வதில்லை. அது நாளிதழ்த் தமிழ். வீட்டில் 'வார்டுல போட்டுட்டாங்க' என்போம். பாட்டிமார் 'ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு' என்பார்கள். எனக்குப் பாட்டிமாரின் சொல்தான் பிடிக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவளை மறுபடி வீட்டில் சேர்த்துக்கொள்வது, நோயாளியை வார்டில் சேர்ப்பது எல்லாமே தமிழில் ஒரே வினை. சேர்த்துக்கொண்டவருக்கு ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது.

எச்.ஐ.வி.யின் நாற்பது ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வினைச்சொல்லை வைத்தே சொல்லிவிடலாம். முதலில், கட்டிலில் சேர்த்துக்கொள்வார்களா என்பது கேள்வியாக இருந்தது. பிறகு, மருந்து கொடுக்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஆனது. இப்போது, அந்த நோயாளிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கும் காலத்தில், வீட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்பதில் வந்து நிற்கிறது. முதல் இரண்டுக்கும் மருத்துவமும் அரசும் ஏதோ ஒரு பதிலைக் கண்டுபிடித்தன. மூன்றாவதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஒரு பொருள் எத்தனை மணி நேரம் தாங்கும், எப்போது, எதனால் பழுதாகும் என்று கணக்கு வைப்பது என் பிழைப்பு. மருத்துவ ஆய்வுகளில் வரும் உயிர்வாழ்வு வரைபடம், படிக்கட்டு மாதிரி மெல்ல மெல்ல இறங்குமே, அது எங்கள் அலுவலகச் சுவரிலும் தொங்குகிறது. கணக்கு ஒன்றுதான். ஆனால் எங்கள் வரைபடத்தில் ஒரு படி இறங்கினால் ஒரு சர்க்யூட் போர்டு போயிற்று. அவர்களுடையதில் ஒரு மனிதர் போயிருப்பார். அந்த வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்துத்தான் இந்த வரலாற்றுக்குள் வந்தேன்.

*

கதை எச்.ஐ.வி.க்கு முன்பே, சுங்கை பூலோவில் தொடங்குகிறது.

பூச்செடி வாங்க சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போனவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். அந்த நர்சரிகள் பல, தொழுநோயிலிருந்து குணமானவர்கள் தொடங்கியவை. 1930இல் அங்கே ஒரு தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஏறக்குறைய 560 ஏக்கர் நிலம். 1926இல் வந்த சட்டம் தொழுநோயாளிகளைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்தச் சொன்னது. அந்தக் காலத்துக்கு அது முற்போக்கான இடம் என்பார்கள். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், தோட்டம், பள்ளி, வழிபாட்டுத் தலங்கள், உள்ளே மட்டும் செல்லுபடியாகும் பணம் எல்லாம் இருந்தன. வெளியே போகும் வழிதான் இல்லை. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அனுப்பினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அதற்குள் இருந்தார்கள்.

மருத்துவ வரலாற்றில் சுங்கை பூலோவுக்கு இன்னொரு இடமும் உண்டு. தொழுநோய்க்கு டாப்ஸோன் என்ற மருந்து வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, சிலருக்கு நோய் திரும்ப ஆரம்பித்தது. நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். கிருமியே அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சோதனை மூலம் 1964இல் உலகுக்கு முதலில் நிரூபித்துக் காட்டிய ஆய்வு சுங்கை பூலோவில் நடந்தது. ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி தப்பித்துவிடும், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1980களில் தொழுநோய்க்குக் கூட்டுமருந்து வந்தது இந்தப் பாடத்தில்தான். இதே பாடத்தை எச்.ஐ.வி. மருத்துவர்கள் முப்பது ஆண்டுகள் கழித்து, நிறைய உயிர்களைக் கொடுத்து, மறுபடி படித்தார்கள்.

இன்னொரு பாடமும் அங்கே இருந்தது. அதை யாரும் ஆய்வுக் கட்டுரையாக எழுதவில்லை. நோய் குணமான பிறகும் பலர் அங்கேயே இருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. போவதற்கு வீடு இல்லை. முப்பது வயதில் உள்ளே வந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் அங்கேயே இறந்தார்கள். அவர்களைக் கடைசிவரை அங்கே பிடித்து வைத்திருந்தது பாக்டீரியா இல்லை.

*

1981 ஜூன் 5. லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு ஓர் அபூர்வ நிமோனியா வந்திருப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார அறிக்கை சொன்னது. அறிக்கை வெளியாகும்போதே அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்தவை எல்லாருக்கும் தெரியும். உணவுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். தாதிகள் உள்ளே போகத் தயங்கினார்கள். 1983இல் சான் பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் 12 கட்டில்களோடு இந்த நோயாளிகளுக்கென்றே ஒரு வார்டு திறந்தார்கள். அங்கே விருப்பப்பட்டு வேலைக்கு வந்த தாதிகள் நோயாளிகளைத் தொட்டார்கள், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மருந்து என்று சொல்ல அப்போது அவர்களிடம் ஒன்றும் இல்லை. 'சேர்த்துக்கொள்வது' மட்டுமே அங்கே சிகிச்சை.

சிங்கப்பூரில் முதல் தொற்று 1985இல் கண்டறியப்பட்டது, மலேசியாவில் 1986இல். நோயாளிகளை எங்கே சேர்த்தார்கள் என்று பார்த்தால் ஒரு விசித்திரமான ஒழுங்கு தெரிகிறது. சிங்கப்பூரில் அவர்கள் போனது மோல்மீன் சாலைக்கு. 1913இல் அம்மைக்கும் காலராவுக்கும் கட்டப்பட்ட தொற்றுநோய் மருத்துவமனை அது. பிறகு மிடில்டன் மருத்துவமனை என்று பெயர் மாறி, 1985இல், முதல் எச்.ஐ.வி. தொற்று வந்த அதே ஆண்டில், டான் டோக் செங் மருத்துவமனையின் கீழ் தொற்றுநோய் நிலையமாக ஆனது. தமிழ்நாட்டில் 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் குவிந்த இடம் தாம்பரம். 1928இல் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம். இங்கே, 2006இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ மருத்துவமனை நாட்டின் முக்கியத் தொற்றுநோய் மருத்துவமனையாக ஆனது. அது எழுந்தது பழைய தொழுநோய்க் குடியிருப்பின் நிலத்தில்.

அம்மை, காசம், தொழுநோய். ஊர் ஒதுக்கியவர்களை வைக்க ஏற்கனவே ஊருக்கு வெளியே கட்டி வைத்திருந்த இடங்களில்தான் புதிய நோயும் போய்ச் சேர்ந்தது. இதில் யாருடைய சதியும் இல்லை. தொற்றுநோய் தெரிந்த மருத்துவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் ஒரு நோயாளி அந்தக் கேட்டுக்குள் நுழையும்போது அவரைப் பார்க்கும் டாக்சிக்காரருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் பேடி சியூ 1998 டிசம்பரில், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று பொதுவில் சொன்னார். அந்த நாட்டில் முகம் காட்டி அப்படிச் சொன்ன முதல் ஆள். அடுத்த ஆண்டு மே மாதம் தன் கதையைத் தானே மேடையில் நடித்தார். ஆகஸ்டில் இறந்தார். சொல்வதற்கும் சாவதற்கும் நடுவே ஒன்பது மாதம்கூட இல்லை.

*

1987இல் முதல் மருந்து வந்தது, ஏ.இசட்.டி. தனியாகக் கொடுத்தார்கள். சுங்கை பூலோவில் பார்த்ததுதான் நடந்தது, வைரஸ் பழகிக்கொண்டது. 1996இல்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவலானது.

அதன் விளைவைக் காட்டும் ஒரு கணக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். அமெரிக்காவில் எட்டு நகரங்களின் ஒன்பது கிளினிக்குகளில், நோய் முற்றிய 1,255 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. 1998இல் வெளியானது. 1995இன் முதல் காலாண்டில் 100 நபர்-ஆண்டுகளுக்கு 29.4 மரணங்கள். 1997இன் இரண்டாம் காலாண்டில் 8.8. 'நபர்-ஆண்டு' என்றால் வேறொன்றுமில்லை: நூறு பேரை ஓர் ஆண்டு கவனித்தால் நூறு நபர்-ஆண்டு. எளிதாகச் சொன்னால், முன்பு நூறு பேர் இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு முப்பது சாவு விழும் வேகம். இரண்டே ஆண்டில் அது ஒன்பதுக்கும் கீழே. தொழிற்சாலையில் பழுது விகிதம் இப்படி இறங்கினால் நாங்கள் முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்படுவோம். இங்கே மீட்டர் சரியாகத்தான் இருந்தது. வார்டுகள் காலியாகின. சாகப் போகிறோம் என்று காப்புறுதியை விற்று, வேலையை விட்டு, எல்லாருக்கும் கடிதம் எழுதி வைத்திருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

அமெரிக்காவில். அதுதான் விஷயம். அந்த மருந்துகளின் விலை அங்கே ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம், அதே கூட்டுமருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மருந்து செய்வதற்கு ஆகும் செலவு இவ்வளவுதான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இங்கே மலேசிய அரசு செய்ததைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2003 நவம்பரில், காப்புரிமைச் சட்டத்தில் உள்ள அரசு உபயோகப் பிரிவைப் பயன்படுத்தி, காப்புரிமை வைத்திருந்த பெரிய நிறுவனங்களைத் தாண்டி சிப்லாவிடமிருந்து எச்.ஐ.வி. மருந்துகளை இரண்டு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய முடிவு செய்தது. ஆசியாவில் அப்படித் துணிந்த முதல் நாடுகளில் ஒன்று நம்முடையது. ஒரு நோயாளிக்கு மாதம் சராசரி 315 அமெரிக்க டாலராக இருந்த மருந்துச் செலவு 58 டாலராக இறங்கியது. இன்று முதல்நிலை மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் மலேசியர்களுக்கு இலவசம். 2017இல் ஹெப்படைடிஸ் சி மருந்துக்கும் அரசு இதே வழியில் போனது. ஊசியால் எச்.ஐ.வி. வந்தவர்களில் பலருக்கு அந்தத் தொற்றும் உண்டு என்பதால் இரண்டும் ஒரே கதையின் பகுதிகள்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே எச்.ஐ.வி. மருந்துக்கு நீண்ட காலம் அரசு மானியம் கிடையாது. 2020 செப்டம்பரில்தான் வழக்கமான மானிய மருந்துப் பட்டியலில் அவை சேர்ந்தன. மருந்து கண்டுபிடித்ததற்கும் பட்டியலில் சேர்த்ததற்கும் நடுவே இருபத்து நான்கு ஆண்டுகள்.

சரி, மருந்து மலிவாகிவிட்டது. எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா? மலேசியாவில் புதிய தொற்றுகள் உச்சத்தைத் தொட்டது 2002இல், ஒரே ஆண்டில் 6,978 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஊசியால் போதைப்பொருள் ஏற்றிக்கொண்டவர்கள். 1983ஆம் ஆண்டின் சட்டப்படி அவர்களைப் பிடித்து பூசாட் செரெந்தியில் இரண்டு ஆண்டு அடைப்பார்கள். அங்கே கட்டாயப் பரிசோதனை நடக்கும். பரிசோதனை இருந்தது, அதற்கேற்ற சிகிச்சை இல்லை. பலருக்குத் தங்கள் நோய் தெரிந்ததே காவலர் ஒருவர் வாயிலிருந்துதான் என்று அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் பழைய ஊசிக்குப் புது ஊசி கொடுக்கும் திட்டமும் தொடங்கின. 'அரசாங்கமே ஊசி கொடுக்குதா?' என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் ஊசிவழித் தொற்று ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. அந்தத் திட்டங்களால் உயிரோடு இருப்பவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நகரத்து மலிவு அடுக்குமாடிகளுக்கு வந்து, லாரி அட்டெண்டன்ட்டாகவும் பாதுகாவலராகவும் வேலை பார்த்து, நடுவில் ஊசியில் விழுந்த ஒரு தலைமுறை அது. நம் இலக்கியத்தில் அவர்கள் குண்டர்களாகவோ பரிதாபத்துக்குரியவர்களாகவோ வந்துபோவார்கள். வயதானவர்களாக வருவதே இல்லை. அவர்களுக்கு வயதாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

*

எதிர்பார்க்காதது மருத்துவர்களும்தான்.

மூன்று மருந்துகள் வந்த பிறகு ஒரு சந்தேகம் எழுந்தது. மருந்துகளுக்குப் பக்கவிளைவு இருக்கிறது, கொழுப்பு ஏறுகிறது, இதயத்துக்கு ஆகாது. நோயாளியின் சிடி4 அணுக்கள் நன்றாக இருக்கும்போது மருந்தைக் கொஞ்சம் நிறுத்தி, குறைந்தால் மறுபடி தொடங்கினால் என்ன? நியாயமான கேள்வி. எந்திரத்துக்கும் ஓய்வு கொடுக்கிறோமே. 'ஸ்மார்ட்' என்ற ஆய்வு 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து இதைச் சோதித்தது. 2006 ஜனவரியில் நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு எய்ட்ஸ் சார்ந்த நோயோ மரணமோ வரும் வாய்ப்பு 2.6 மடங்கு. அது பாதிதான். எந்த இதயத்தைக் காப்பாற்ற மருந்தை நிறுத்தினார்களோ அந்த இதயமும், சிறுநீரகமும், கல்லீரலும் மருந்தை நிறுத்தியவர்களுக்கே அதிகமாகக் கெட்டன. 1.7 மடங்கு.

இதன் அர்த்தம் மெல்லத்தான் புரிந்தது. எச்.ஐ.வி. என்பது எதிர்ப்புசக்தியை மட்டும் தின்னும் நோய் இல்லை. உடம்புக்குள் ஓயாமல் ஒரு சிறு நெருப்பை எரிய வைக்கிறது, அது ரத்தக்குழாய்களை முன்கூட்டியே கிழடாக்குகிறது. ஆகவே நோயாளிகள் மறுபடி மருத்துவமனைக்கு வந்தார்கள், வேறு வாசல் வழியாக. முன்பு நிமோனியாவோடும் மூளைக்காய்ச்சலோடும் வந்தவர்கள், இப்போது மாரடைப்போடும் சிறுநீரகக் கோளாறோடும் எலும்பு முறிவோடும் வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எச்.ஐ.வி. ஆய்வும் முதுமை ஆய்வும் கைகோத்தன. 2001இல் லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க மருத்துவர், 65 வயதைக் கடந்த 5,317 பேரின் தரவுகளிலிருந்து 'நலிவு' என்பதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். ஐந்து அடையாளங்கள்: காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் நலிந்தவர். இப்படி நலிந்தவர்கள்தான் அடுத்த மூன்று ஆண்டுகளில் அதிகம் விழுகிறார்கள், அதிகம் வார்டில் சேர்கிறார்கள், அதிகம் இறக்கிறார்கள். எவ்வளவு எளிமை பாருங்கள். ஸ்கேன் இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. ஒரு ஸ்டாப்வாட்ச், கையால் அழுத்தும் ஒரு கருவி, சில கேள்விகள். நம் பாட்டி 'ஆளு தளர்ந்துட்டாரு' என்று ஒரு பார்வையில் சொல்வதற்கு அவர் எண் கொடுத்தார்.

1984 முதல் அமெரிக்காவில் ஆண்களைத் தொடர்ந்து கவனித்துவந்த இன்னொரு நீண்ட ஆய்வு, இதே மாதிரி அளவுகோலைத் தன் பழைய தரவுகளில் வைத்துப் பார்த்தது. முடிவு 2007இல் வெளியானது. கூட்டுமருந்து வருவதற்கு முந்தைய காலத் தரவு அது. தொற்று வந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத 55 வயதுக்காரர்களிடம் இருந்த நலிவு, தொற்றில்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருந்த நலிவுக்குச் சமம். இரு பக்கமும் 3.4 விழுக்காடு. பத்து ஆண்டு வித்தியாசம்.

அதனால்தான் எச்.ஐ.வி. ஆய்வுகளில் 50 வயதிலேயே 'மூத்தவர்' ஆகிவிடுகிறார்கள். நம் நாட்டில் மூத்த குடிமகன் என்றால் 60. என் தொழிற்சாலையில் 50 வயது சூப்பர்வைசர்கள் ஷிப்ட் முடிந்து பூப்பந்து விளையாடப் போகிறார்கள்.

அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று, யார் வார்டில் சேரப்போகிறார், யார் இறக்கப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு புள்ளிக் கணக்கை உருவாக்கியது. அதில் சிடி4, வைரஸ் அளவு மட்டும் இல்லை. வயது, ரத்தசோகை, கல்லீரல், சிறுநீரகம், ஹெப்படைடிஸ் சி எல்லாம் உண்டு. வைரஸ் அடங்கிவிட்டது என்பதாலேயே ஆள் நலமாக இருக்கிறார் என்று ஆகாது என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வில், தாய்லாந்து, இந்தியா உட்பட 12 நாடுகளில் 40 முதல் 75 வயது வரையான 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளில் ஒரு பாதிக்குக் கொழுப்பு மாத்திரை கொடுத்தார்கள். சாதாரணக் கணக்குப்படி அந்த மாத்திரை தேவையே இல்லாதவர்கள் அவர்களில் நிறைய பேர். பெரிய இதய நோய்கள் 35 விழுக்காடு குறைந்தன.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரிட்டோனாவிர் போன்ற சில எச்.ஐ.வி. மருந்துகளோடு, நம் கிளினிக்குகளில் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரை சேரவே கூடாது. தசை கரைந்து சிறுநீரகம் பழுதாகும் அபாயம் உண்டு. ஆக, பக்கத்துத் தாமான் கிளினிக்கில் தன் நோயை மறைக்கும் ஒருவர், வெட்கத்தால் மட்டுமே உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளக்கூடும். அவர் ஏன் மறைக்கிறார் என்று கேட்டால், கேள்வி மறுபடி நம்மிடம் வந்துவிடுகிறது.

*

எங்கள் தாமானில் ஓர் அங்கிள் இருந்தார். லாரி ஓட்டியவர், இளவயதில் ஊசி, செரெந்தி எல்லாம் பார்த்தவர். பிறகு மெத்தடோன், பிறகு எச்.ஐ.வி. மாத்திரை. பல ஆண்டுகளாக ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவில்கூட நோய் பரவாது என்று பெரிய ஆய்வுகள் சொல்லிவிட்டன. தட்டிலும் டம்ளரிலும் அது எந்தக் காலத்திலும் பரவியதில்லை. ஆனாலும் தம்பி வீட்டில் அவருக்குத் தனித்தட்டுதான். 58 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்தது.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எப்ப வீட்டுக்கு விடுறாங்க அங்கிள்?" என்றேன்.

"டாக்டர் போன வாரமே போகலாம்னு சொல்லிட்டாரு தம்பி. எந்த வீட்டுக்குன்னு சொல்லல."

தம்பி குடும்பம் வரவில்லை. மருத்துவமனையின் சமூகநல அதிகாரி முதியோர் இல்லங்களுக்குப் போன் போட்டார். எச்.ஐ.வி. என்று சொன்னதும், "இடம் இல்லைங்க", "மத்தவங்க பயப்படுவாங்க" என்று பதில் வந்தது. தேவையே இல்லாத நாட்களில் அவர் அந்தக் கட்டிலில் கிடந்தார். வயதானவருக்குக் கட்டில் நல்லதில்லை. படுத்துக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் தசை குறையும், நடை மறக்கும், நெஞ்சுச்சளி கட்டும். அவருக்கும் சளி கட்டியது. அந்த மருத்துவமனையின் பதிவில் காரணம் நிமோனியா என்று இருக்கும். பொய்யில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸில் எழுதிய அதே சொல். இந்த முறை அதை வரவழைத்தது வைரஸ் இல்லை.

*

என் வேலையில் ஒரு விதி உண்டு: பதிவேட்டில் கட்டம் இல்லாத பழுதை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். எச்.ஐ.வி. வரலாற்றிலும் அதுதான் நடந்திருக்கிறது. சாவை எண்ணினார்கள், சாவு குறைந்தது. விலையை எண்ணினார்கள், விலை இறங்கியது. ஊசியை எண்ணினார்கள், தொற்று இறங்கியது. இப்போது நடையின் வேகத்தை எண்ணுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் எச்.ஐ.வி.யும் மூப்பும் பற்றி ஆராயும் குழு, நோய்களை மட்டுமல்லாமல் மனநிலையையும் சமூக உறவுகளையும் சேர்த்து அளக்கிறது. அது நல்ல தொடக்கம்.

எண்ணப்படாதவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆண்டுதோறும் வெளியிடும் எச்.ஐ.வி. எண்ணிக்கை அந்நாட்டுக் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. வேலைக்கு வந்த வெளிநாட்டவருக்குத் தொற்று தெரிந்தால் வேலை அனுமதி போய்விடும். 2019 ஜனவரியில் எச்.ஐ.வி. பதிவேடு கசிந்ததை அரசு அறிவித்தபோது, அதிலிருந்த 14,200 பெயர்களில் 8,800 வெளிநாட்டவருடையவை என்று தெரிந்தது. மலேசியாவிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு, தேறாதவர் திரும்பிப் போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் கட்டுமானத் தளங்களில் வேலை செய்பவர்களுக்கும் இதே கதிதான். திருப்பி அனுப்பப்பட்டவர் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், சேர்ந்தாரா என்பது இங்குள்ள எந்த வரைபடத்திலும் வராது. நம் வரைபடம் அழகாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குத் திரும்புவதையும் எண்ணலாம் என்று நினைக்கிறேன். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் தாளில் ஒரு கட்டம் போதும்: எங்கே போனார், யார் வந்து அழைத்துப்போனார்கள். எத்தனை நாள் காத்திருந்தார் என்று இன்னொரு கட்டம். ஓர் ஆண்டு அதைக் கூட்டிப் பார்த்தால், எத்தனை முதியோர் இல்லங்கள் மறுத்தன, எத்தனை குடும்பங்கள் வரவில்லை என்று கணக்கு வந்துவிடும். கணக்கு வந்தால் அமைச்சரிடம் கேட்கலாம், கோவில் நிர்வாகத்திடம் கேட்கலாம், ஆண்டுதோறும் முதியோர் இல்லத்துக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நம் சங்கங்களிடமும் கேட்கலாம்.

1990களில் இருபது வயதில் தொற்று வந்தவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டுகிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் அவர்கள் விழுவார்கள், முறியும், மறதி வரும், வார்டில் சேர்வார்கள், குணமாவார்கள். சுங்கை பூலோவில் தொழுநோய் குணமான பிறகு திரும்பிப் போக வீடில்லாமல் செடி வளர்த்தவர்களிடம் ரோஜாக்கன்று வாங்கியிருக்கிறோம், விலை பேசியிருக்கிறோம், காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். அவர்களையும் வந்து அழைத்துப்போக யாராவது இருந்திருக்க வேண்டும்.